சாட்சி சொன்னவர் மறுபடி குடித்துவிட்டால் சபைக்கு எப்படித் திரும்புவது?

பசுந்தாங் தங்கை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் அண்ணனைப் பற்றி இங்கே கேட்க வேண்டும். ஊரில் கேட்டால் வீட்டுக்கு வீடு போய்விடும்.

அண்ணன் ரங்கூன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளில் குடிக்க ஆரம்பித்தவர். முதலில் சாயங்காலம் பீர் ஸ்டேஷன், அப்புறம் ரம். கடைசியில் காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்பதற்கே கொஞ்சம் ஊற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. போன வருடம் உபவாச ஜெபத்தில் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அன்றோடு விட்டார். அடுத்த ஞாயிறே, கர்த்தர் தன்னைக் குடியிலிருந்து விடுவித்ததை மேடையில் சாட்சியாகச் சொல்ல வைத்தார்கள். பிறகு கிளைச் சபைகளுக்கும் கூட்டிப்போனார்கள். ஆராதனையில் கிட்டார் வாசிக்கும் பொறுப்பும் கொடுத்தார்கள்.

திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் பழைய கூட்டாளிகள் வந்தார்கள். மறுபடி தொடங்கிவிட்டது. சபையில் கிட்டாரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "அந்தச் சாட்சியே பொய்" என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார். அந்த மேடைக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்று கேட்கிறார்.

இரண்டு கேள்வி. அவரை எப்படித் திரும்பச் சபைக்குக் கூட்டிவருவது? டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதற்கு, மாத்திரை எடுத்தால் ஜெபத்தில் கிடைத்த விடுதலையைச் சந்தேகிப்பதாகும் என்று எங்கள் சபை மூப்பர் ஒருவர் சொன்னார். அது சரியா?

தான்லின் ஐயா

மகளே, உன் அண்ணன் சொன்ன சாட்சி பொய் இல்லை. அன்றைக்குக் குடிக்காமல் இருந்தார், அதற்காகக் கர்த்தரைத் துதித்தார். அது நடந்தது. பிறகு விழுந்தது அதை அழிக்காது.

ஊழியத்தில் பல வருடமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே பொறுப்பு மேடை ஏற்றியவர்களுடையது. பவுல் தீமோத்தேயுவுக்குக் சபைக் கண்காணியின் தகுதிகளை எழுதும்போது "நூதன சீஷனாயிருக்கக் கூடாது" என்கிறார். காரணமும் சொல்கிறார், அவன் இறுமாப்படைந்து விழுந்துவிடக் கூடாது என்று. நேற்று பாட்டிலைக் கீழே வைத்தவரை இன்று ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பேச வைப்பது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. சபைக்கு ஒரு அற்புதம் காட்ட வேண்டியிருந்தது, அதற்கு ஒரு மனிதன் கிடைத்தான், அவ்வளவுதான். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா குருடனைப் பார். இயேசு ஒரு முறை தொட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்றான். பாதிதான் தெரிந்தது. அதை அவன் மறைக்காமல் சொன்னான். இயேசு கோபிக்கவில்லை, விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. திரும்பவும் கைகளை வைத்தார். கடைசியில் அவனை வீட்டுக்கு அனுப்பி, ஊரில் ஒருவருக்கும் சொல்லாதே என்றார். உன் அண்ணனுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டு.

கிழக்கு டகோன்

ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனாலும் எனக்கு வேறு கருத்து. என் அப்பா ஒரே ராத்திரியில் விட்டவர். ஜெபத்தில்தான். சாகும்வரை தொடவில்லை. சாட்சி சொன்னதால்தான் அவர் நின்றார் என்று நினைக்கிறேன். ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டோம், இனி திரும்ப முடியாது என்று அவரே சொல்வார். தேவனால் முடியாதது இல்லை என்று விசுவாசிக்கிற நாம், ஒரேயடியாக விடுதலை கிடைக்காது என்று ஏன் பேச வேண்டும்?

வார்டு நர்ஸ்

கிடைக்காது என்று யாரும் சொல்லவில்லை, அண்ணா. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்ததற்கு நானும் நன்றி சொல்கிறேன். ஆனால் தங்கை எழுதியதில் ஒரு வரி என்னைப் பயமுறுத்துகிறது. காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது. உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதன் அடையாளம் அது. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். போன முறை தப்பித்தார் என்பதால் இந்த முறையும் தப்பிப்பார் என்று இல்லை. திரும்பத் திரும்பக் குடித்து நிறுத்துகிறவர்களுக்கு அடுத்தடுத்த முறை கடுமையாகவே வரக்கூடும்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குள்ளேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் வரும்: காய்ச்சல், குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரிவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது. இதைப் பார்த்துப் பிசாசு பிடித்திருக்கிறது என்று அறையில் பூட்டி ஜெபித்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் டயஸெபாம் போன்ற மருந்தை அளவாகக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1, அதாவது தயமின், ஊசியாகப் போடுவார்கள். நெடுநாள் குடித்தவர்களுக்கு அது குறைந்துபோய் மூளை பாதிக்கும், நினைவு திரும்பாமலே போகலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட்டார்களா என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்வது நல்லது. ரங்கூனில் யுவாதாஜி மனநல மருத்துவமனை என்றால் நம் ஆட்கள் பெயரைக் கேட்டே ஒதுங்குகிறார்கள். அங்கே போகிறவர் பைத்தியம் இல்லை. போக மனமில்லை என்றால் முதலில் தெரிந்த ஒரு பொது டாக்டரிடமாவது காட்டுங்கள்.

இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். சிலர் அதைக் கடையில் வாங்கி, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இருதயம் பலவீனமானவர் செத்தே போகலாம். குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் அதைத் தொடக்கூடாது, நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அவர் அறிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்து எடுக்க வேண்டியது அது. குடிக்கும் ஆசையைக் குறைக்கிற நால்ட்ரெக்ஸோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

மூப்பருக்கு ஒரு பதில். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனத்துக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல். அன்றைய மருந்து அது. கை வைத்து ஜெபித்தால் போதும் என்று அவர் எழுதவில்லை.

கிழக்கு டகோன்

நர்ஸ் அக்கா சொன்ன பிறகு அம்மாவிடம் கேட்டேன். அப்பா விட்ட வாரம் முழுக்கக் காய்ச்சலும் உளறலுமாகக் கிடந்தாராம். பக்கத்து வீட்டுப் பர்மாக்கார டாக்டர் தினமும் வந்து ஊசி போட்டாராம். நான் அப்போது சின்னப் பையன், எங்களுக்குச் சொல்லப்பட்ட சாட்சியில் டாக்டர் வரவே இல்லை. ஆனாலும் ஜெபம்தான் அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது என்பதில் நான் மாறமாட்டேன்.

இன்று மட்டும்

நீங்கள் மாற வேண்டியதில்லை. ஜெபமும் மருத்துவமும் ஒரே அறையில் நடந்திருக்கிறது. ஏஏ என்று சொல்கிறோமே, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவரையொருவர் தாங்குகிற குழு, அதுவும் அப்படித்தான் தொடங்கியது.

நானும் குடிநோயாளி. பாப்டிஸ்ட் சபையில் பிறந்தவன். இன்று குடிக்கவில்லை. தமிழ்நாட்டில் தமிழிலேயே ஏஏ கூட்டங்கள் நடக்கின்றன. கரண்டும் இன்டர்நெட்டும் இருக்கும் இரவுகளில் போனில் சேர்ந்துகொள்கிறேன். இந்த வரலாற்றை எனக்குச் சொன்னவர்கள் அங்கேதான்.

பில் வில்சன் நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தரகர். 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் குடிநோய்க்காகச் சேர்ந்தார். அதற்கு முன்பே, குடியை விட்டிருந்த பழைய நண்பர் ஏப்பி தாச்சர் வந்து, ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் தனக்குக் கிடைத்ததைச் சொல்லியிருந்தார். மருத்துவமனைக் கட்டிலில், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, கடவுள் இருந்தால் காட்டட்டும் என்று பில் கதறினார். அறை முழுவதும் வெளிச்சமானதாக உணர்ந்தேன் என்று பிறகு எழுதினார். அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. அவரைக் கவனித்த டாக்டர் சில்க்வொர்த் அந்த அனுபவத்தைக் கேலி செய்யவில்லை, அதைப் பிடித்துக்கொள் என்றார்.

அடுத்த வருடம் ஓஹியோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பில், டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பாப் அறுவைச் சிகிச்சை மருத்துவர். ஏற்கெனவே ஆக்ஸ்ஃபோர்டு குழுவில் ஜெபித்துக்கொண்டே குடித்தவர். பில்லோடு பேசிய பிறகு நிறுத்தினார். அப்புறம் ஒரு மருத்துவர்கள் மாநாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டி போனவர், அங்கே மறுபடி குடித்தார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10 பாப் கடைசியாகக் குடித்த நாள். அந்தத் தேதியைத்தான் ஏஏ தன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறது. தங்கை, இதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். எங்களைத் தொடங்கிய இருவரில் ஒருவர், ஒரு முறை நிறுத்திய பிறகு விழுந்து எழுந்தவர்.

அக்ரனில் ஆரம்ப நாட்களில் அவர்கள் அதிகம் வாசித்தது மலைப்பிரசங்கம், 1 கொரிந்தியர் 13, யாக்கோபு நிருபம். "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. ஒருவருக்கொருவர், கவனியுங்கள். நம் சபைகளில் ஒருவர் மேடையில் அறிக்கையிடுகிறார், முந்நூறு பேர் கேட்டுவிட்டு அல்லேலூயா சொல்லி வீட்டுக்குப் போகிறார்கள். அந்த முந்நூறு பேரில் யாரும் தங்கள் குற்றத்தை அவரிடம் சொல்வதில்லை. அதனால் அவர் விழுந்ததும் தான் ஒருவன்தான் பாவி என்று நினைத்துக்கொள்கிறார். ஏஏ கூட்டத்தில் நான் வாய் திறந்தால் எதிரில் இருப்பவரும் அதே கதையைச் சொல்கிறார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

போதகர் மகள்

தம்பி, ஒரு சந்தேகம். குடியை விட ஏஏ-யில் பின்பற்றும் 12 படிகளில் "நாம் புரிந்துகொண்ட கடவுள்" என்று வைத்திருக்கிறார்கள். இயேசுவின் பெயர் இல்லை. என் அப்பா அதனால்தான் சபையில் அனுமதிக்கத் தயங்குகிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

இன்று மட்டும்

உங்கள் அப்பாவின் தயக்கம் புரிகிறது, அக்கா. 1938-இல் பில் அந்த 12 படிகளை எழுதியபோது கடவுள் என்று மட்டுமே இருந்தது. விசுவாசம் இல்லாத குடிநோயாளிகளும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும் என்று பேசித்தான் அந்தச் சொற்களைச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் புத்தகமாக வந்தது. கிறிஸ்துவின் பெயரோடேயே வேண்டும் என்றால் செலிபிரேட் ரிகவரி என்ற முறை இருக்கிறது. கலிபோர்னியாவின் சாடில்பேக் சபையில் 1991-இல் ஆரம்பித்தது, மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை வைத்து நடக்கிறது. உங்கள் சபையில் அதைத் தொடங்க அப்பா யோசிக்கலாம்.

என் விஷயத்தில், நான் அந்தப் படிகளில் இயேசுவைத்தான் கூப்பிடுகிறேன். யாரும் தடுத்ததில்லை. என்னோடு டீக்கடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிற பர்மாக்கார நண்பர் புத்த மதத்தவர். அவருக்கு ஐந்தாவது சீலம், மது தொடாதே என்பது. புத்தர்களின் மழைக்கால நோன்பான வாக்காலம் மூன்று மாதமும் குடிக்காமல் இருந்துவிட்டு, அதை முடிக்கும் தடின்ஜுட் திருவிழா விளக்கு எரிந்ததும் ஆரம்பித்துவிடுவார், பல வருடமாக. நம்மில் தவக்காலம் முழுக்க நிறுத்திவிட்டு ஈஸ்டர் மத்தியானமே பாட்டில் திறப்பவர்கள் எத்தனை பேர்? அவருக்கும் எனக்கும் நோய் ஒன்றுதான்.

வார்டு நர்ஸ்

ஏஏ பற்றி ஒரு தகவல் சேர்க்கிறேன். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2020-இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரை வைத்துப் பார்த்தது. முழுக்கக் குடியை விட்டிருப்பதில், அறிந்த மற்றச் சிகிச்சை முறைகளுக்கு ஏஏ-யும் அதில் மக்களைச் சேர்க்கும் முறையான சிகிச்சையும் குறைந்தவை இல்லை, சிலவற்றில் மேல் என்று சொன்னது. டாக்டர்கள் கூட்டத்துக்குப் போ என்று சொல்வது ஒப்புக்கு இல்லை.

நியாங்லேபின் யாத்திரி

கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு பிப்ரவரியும் நியாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிறேன். கூட்டத்தில் குடியை விட வேண்டி வருகிறவர்களை முகம் பார்த்தே சொல்லிவிடலாம். பெரும்பாலும் பக்கத்தில் மனைவியோ அம்மாவோ நிற்பார்கள். பலர் வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன் என்று மாதாவிடம் சத்தியம் செய்துவிட்டு, திரும்பும் ரயிலிலேயே தோற்றுப்போகிறார்கள். பிறகு மாதாவுக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்று கோயில் பக்கமே வருவதில்லை.

அவர்களுக்கு நான் மேட் டால்பட் கதையைச் சொல்வேன். டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி, 1856-இல் பிறந்தவர். 12 வயதிலேயே குடி. 1884-இல் குருவிடம் போய் வாக்குக் கொடுத்தபோது மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்தார். அது முடிந்ததும் நீட்டித்தார், அப்புறம்தான் ஆயுளுக்கும். 1925-இல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. வேலை செய்த இடத்தில் பலகை சுமந்தவர், படிப்பு இல்லாதவர், நம் தாத்தாக்கள் ரங்கூன் துறையிலும் அரிசி மில்லிலும் செய்த மாதிரி வேலை.

டாக்டர் பாப்போடு அக்ரன் புனித தோமா மருத்துவமனையில் வேலை செய்த சிஸ்டர் இக்னேஷியாவையும் சொல்ல வேண்டும். குடிகாரரைப் பெரும்பாலான மருத்துவமனைகள் நோயாளியாகச் சேர்க்காத 1939-இல் படுக்கை கொடுத்தவர். வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு திரு இருதயப் பதக்கம் கொடுத்து, குடிப்பதற்கு முன்னால் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடி என்பாராம். திரும்பி வரும் வழியை அவர் அடைக்கவில்லை பாருங்கள்.

போதகர் மகள்

திருவிருந்தையும் பேச வேண்டும். எங்கள் மெதடிஸ்ட் சபையில் புளிக்காத திராட்சைச் சாறுதான். 1869-இல் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், சாறு புளிக்காமல் காய்ச்சி வைக்கும் முறையைத் திருவிருந்துக்காகவே செய்தார். ஒயின் வைக்கும் சபைகளில் குடியை விட்டவர் என்ன செய்வார்?

நியாங்லேபின் யாத்திரி

எங்களுக்கு அப்பத்தில் மட்டுமே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது போதனை. கிண்ணத்தைத் தொடாமல் போகலாம், குறை இல்லை. குருவே குடிநோயாளி என்றால், ஆயர் அனுமதியோடு மஸ்டம் என்ற, பெரும்பாலும் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த வழி உண்டு.

தான்லின் ஐயா

மற்றச் சபைகளில் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு கிண்ணத்தில் சாறு வைப்பது பெரிய காரியம் இல்லை. கேட்கக் கூச்சப்பட்டால் பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும்.

ஒரு மனைவி

ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அண்ணனின் வெட்கம், மூப்பர், மேடை, கிட்டார் எல்லாம் வந்துவிட்டன. அண்ணி எங்கே? பிள்ளைகள் இருக்கிறார்களா?

கேட்கக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் சபையில் மன்னிப்புக் கேட்டு அழுத அன்று எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். என்னைப் பார்த்து, சகோதரி, எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்க வேண்டும் என்றார்கள். அவர் அடகு வைத்த என் தாலிச் செயினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் அரிசிக்கடைப் பாக்கியை எப்படிக் கட்டினேன் என்றும் கேட்கவில்லை. அவர் அடித்த இரவுகளில் நான் ஜெபத்தில் குறைவுபட்டதாகத்தான் எனக்குச் சொல்லப்பட்டது. இன்று அவர் குடிப்பதில்லை. அவரோடுதான் வாழ்கிறேன், அவரை நேசிக்கிறேன். ஆனாலும் அந்த அணைப்பில் எனக்கு இடம் இல்லாமல் போனது இன்னும் வலிக்கிறது.

அந்த 12 படிகளில் எட்டும் ஒன்பதும் எனக்குப் பிடிக்கும். யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று எழுதி, அவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும், அது அவர்களை மேலும் புண்படுத்தும் என்றால் தவிர. இயேசுவிடம் வரி வசூலிப்பவனான சகேயு சொன்னதும் அதுதான், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லி மனைவியின் கடனை அழித்துவிட முடியாது.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஆரம்பித்தது. அவருடைய குடிக்கு நான் காரணம் இல்லை, அதைக் கட்டுப்படுத்தவோ குணமாக்கவோ என்னால் முடியாது என்று அங்கே கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பசுந்தாங் தங்கை

அக்கா, அண்ணி இரண்டு பிள்ளைகளோடு பகோவில் அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். திஞ்சானுக்குப் பிறகு போனவர். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மற்றபடி ஒரு நல்ல செய்தி. தான்லின் ஐயா எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன், பெத்சாயிதா பகுதியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். டாக்டரிடம் போகச் சம்மதித்துவிட்டார். திங்கட்கிழமை போகிறோம். அதுவரை அவராகவே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

வார்டு நர்ஸ்

வேண்டாம், வேண்டாம். டாக்டர் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தக்கூடாது. முடிந்தால் திங்கள்வரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, சர்க்கரை, கல்லீரல் பிரச்சினை உண்டா, வேறு தூக்கமாத்திரை எடுக்கிறாரா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் வெட்கத்தில் அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தவறும். வலிப்போ உளறலோ வந்தால் எந்த நேரமானாலும் நேரே ஆஸ்பத்திரி.

தான்லின் ஐயா

மகளே, சபைக்குத் திரும்புவது பற்றி அவசரப்படாதே. முதலில் உடம்பு தேறட்டும். உங்கள் மூப்பரோடு நான் பேசுகிறேன், கலாத்தியர் 6:1 திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறேன். விழுந்தவனை "சாந்தமுள்ள ஆவியோடே" சீர்பொருந்தப்பண்ண வேண்டும் என்று அங்கே இருக்கிறது. உன் அண்ணன் வர விரும்பினால் தான்லினில் என் வீட்டு ஜெபத்துக்கு வரட்டும். ஏழெட்டுப் பேர்தான் இருப்போம், மேடை கிடையாது, சாட்சியும் கேட்கமாட்டோம்.

இன்று மட்டும்

அவருக்கு விருப்பம் என்றால் என்னோடு பேசச் சொல்லுங்கள். டிசம்பரில் கேரல் சுற்று தொடங்கிவிடும், வீட்டுக்கு வீடு ஒயினும் ரம் கேக்கும் நீட்டுவார்கள். இந்த வருடம் அவர் அதற்குப் போக வேண்டாம். நானும் போவதில்லை, அந்த இரவுகளில் இருவரும் டீக்கடையில் உட்காரலாம்.

ஒரு மனைவி

தங்கை, அண்ணி விரும்பினால் மட்டும் என் எண்ணைக் கொடுங்கள். தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அவரைத் திரும்பி வரச் சொல்வதற்காக நான் பேசப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டீர்களா?

பசுந்தாங் தங்கை

இன்று இரவு அம்மாவிடம் கேட்கிறேன், அக்கா. அண்ணிக்கு நானே போன் செய்கிறேன்.